திக்கித் திக்கி நீந்திய 750 மீட்டர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கடந்த ஷஃபான் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில், மணிமுத்தாறு அணையின் அடிவாரச் சாலையில் நாம் ஓட்டமும் நடையுமாகச் சென்றுகொண்டிருந்தோம். எதிரே வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மிதிவண்டியை நிறுத்தி, "என்ன ஆலிம்சா, ஏதும் வெரட்டுதா?" என்று கேட்டார். மூச்சு வாங்கியதால் அன்று அவருக்குப் பதில் கூற இயலவில்லை. பிறகு பெற்றோர் சிலரும் அதையே வேறு சொற்களில் கேட்டனர். "ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத்துக்கு இந்த வயதில் எதற்கு நீச்சலும் ஓட்டமும்?" அவர்கள் அனைவருக்குமான பதிலாகவே இதனை எழுதுகிறோம்.

கரையில் நின்ற நாள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு விடுமுறை நாளில், மத்ரஸாப் பிள்ளைகள் 14 பேரை ஆற்றுக்கு அழைத்துச் சென்றோம். அஸர் தொழுகைக்குப் பிந்திய நேரம். முழங்காலளவு நீர்தான். எனினும் நீருக்கடியில் மணல் சரிந்து பள்ளமாகியிருந்த இடம் நமக்குத் தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன் அதில் கால் வைத்தான், தலை மறைந்தது.

நாம் இடுப்பளவு நீர்வரை ஓடினோம். அதற்கு மேல் செல்லக் கால் துணியவில்லை. நமக்கு நீந்தத் தெரியாது. சிறு வயதிலேயே வெளியூர் மத்ரஸாவில் ஹிஃப்ளுக்காகச் சேர்ந்துவிட்டதால், ஆற்றோரத்து ஊரில் பிறந்தும் ஆற்றை அறியாமலேயே வளர்ந்தோம். பிள்ளைகள் கதறினர், நாமும் கதறினோம். சற்றுத் தொலைவில் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அறுபது வயதைக் கடந்த ஒருவர் பாய்ந்து வந்து, ஒரே மூழ்கில் பிள்ளையின் சட்டையைப் பற்றித் தூக்கினார். பிள்ளை இருமினான், வாந்தி எடுத்தான், பிழைத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

அப்பெரியவர் நம்மை நோக்கி, "ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு நீச்சல் தெரியாமலா ஆலிம்சா பிள்ளைகளக் கூட்டிட்டு வந்திய?" என்றார். அதில் ஏளனம் இல்லை. அது நியாயமான கேள்வி.

அன்றிரவு பிள்ளையின் இல்லத்திற்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் கூறினோம். தந்தை நம் கையைப் பற்றிக்கொண்டு, "அல்லாஹ் காப்பாத்திட்டான் ஹஜ்ரத், நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அவர் நம்மைத் திட்டியிருந்தால் ஓரிரு நாளில் மறந்திருப்போம். அவர் திட்டவில்லை, நம்மாலும் மறக்க முடியவில்லை.

கிணற்றடி மத்ரஸா

மறுவாரம் அந்தப் பெரியவரைத் தேடிச் சென்றோம். "அண்ணாச்சி, எனக்கு நீச்சல் சொல்லித் தரணும்" என்றபோது அவர் சிரிப்பார் என்று எண்ணினோம். அவரோ, "காலையில வாங்க" என்றதோடு முடித்துக்கொண்டார்.

வாழைத் தோட்டத்துப் பாசனக் கிணறு அது. முதுகில் காலிப் பிளாஸ்டிக் கேனும் இடுப்பில் கயிறும் கட்டி, 41ஆம் வயதில் நாம் மாணவனாக இறங்கினோம். முதல் இரு வாரங்கள் படியைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் முகம் புதைத்து மூச்சை விடுவது மட்டுமே பாடம். நீருக்குள் மூச்சை அடக்க வேண்டும் என்றே நாம் அதுவரை நினைத்திருந்தோம். அடக்கினால் நெஞ்சு இறுகும், அச்சம் கூடும், வெளியே தலை தூக்கும்போது உள்ளிழுக்க இடமிராது. "தண்ணிக்குள்ள ஊதுங்க, வெளிய வந்து இழுங்க" என்பதே அண்ணாச்சியின் முதல் சபக். அதை அவர் நூறு முறை கூறியிருப்பார். ஒரு முறைகூடக் குரல் உயர்ந்ததில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, நம்மீதே சினங்கொண்டு படியில் அமர்ந்தோம். "எனக்கு வராது அண்ணாச்சி" என்றோம். அவர், "நேத்து ரெண்டு கை போட்டிய, இன்னைக்கு மூணு. போதும்லா" என்றார்.

அன்று காலையே மத்ரஸாவில், 'அய்ன்' எழுத்தைத் தொண்டையிலிருந்து மொழிய இயலாத ஒரு மாணவனை ஏழாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தோம். நம் குரல் உயர்ந்திருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் கிணற்றுப் படி நினைவுக்கு வந்தது. குர்ஆனைச் சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டென நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். அந்த ஹதீஸை மிம்பரில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். திக்குபவனின் இடத்தில் நின்று அதை நாம் கேட்டதே இல்லை. இருபது ஆண்டுகளாகப் பத்தமடைப் பாயில் அமர்ந்து பாடம் கேட்டுவந்த நமக்கு, தொடக்கநிலை மாணவனின் நடுக்கம் எப்படியிருக்கும் என்பது மறந்தே போயிருந்தது.

ஓராண்டில் கிணற்றைச் சுற்றி நிற்காமல் நீந்தும் நிலைக்கு வந்தோம். அதன் பின்னரே ஆற்றில் இறங்க அண்ணாச்சி அனுமதித்தார்.

டிரையத்லான் என்பது யாது?

அக்காலத்தில் இரத்தப் பரிசோதனையில் நமக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பது தெரிந்தது. உடலுக்கு அசைவு வேண்டும் என்றார் மருத்துவர். பொறியியல் பயிலும் நம் சகோதரியின் மகன், "மாமா, நீச்சல்தான் வந்துருச்சே. சைக்கிளையும் ஓட்டத்தையும் சேர்த்தா ஸ்பிரிண்ட் டிரையத்லான்" என்றான்.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவேளையின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதே டிரையத்லான். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்னும் இடத்தில் 1974 செப்டம்பர் 25 அன்று நடந்த போட்டியிலிருந்து இப்பெயர் பரவியது. 1978இல் ஹவாயில் 'அயர்ன்மேன்' என்னும் நெடும்போட்டி தொடங்கியது. அதன் பாதித் தொலைவுப் போட்டி நம் நாட்டிலும் 2019 முதல் கோவாவில் நடந்துவருகிறது, 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட டிரையத்லானின் அளவு 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. அதில் சரிபாதியே ஸ்பிரிண்ட். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. மிதிவண்டி, 5 கி.மீ. ஓட்டம். தொடக்கநிலையினர் பலரும் இந்த அளவிலிருந்தே ஆரம்பிக்கின்றனர்.

நாம் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. பதக்கமும் நோக்கமன்று. சகோதரியின் மகனும், மருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவரும், நாமுமாக மூவர் நம் ஊரிலேயே அந்தத் தொலைவை முடிப்பதென நிய்யத் வைத்தோம்.

இதற்கு மார்க்கத்தில் இடமுண்டா?

ஜமாஅத்தில் ஒருவர், "ஆலிமுக்கு இது அழகா?" என்று வினவினார். நல்லெண்ணத்தில் கேட்டார், ஆகவே பொறுமையாகவே விளக்கினோம்.

இடைவிடாது நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டென்பதை நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்து, ஒருமுறை அன்னையார் முந்தியதும், பின்னொரு முறை நபியவர்கள் முந்தியதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. சிறுவர்களுக்கு நீச்சல் கற்பிக்குமாறு உமர் (ரலி) அவர்கள் அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு எழுதிய செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது.

இவற்றைவிட நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் குதிரைப் பந்தயச் செய்தியாகும். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் இரு பந்தயங்களை ஏற்பாடு செய்தார்கள். பயிற்சி பெற்று மெலிவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை. அறிவிப்பாளர் சுஃப்யானின் கணக்கில் அது ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. ஏறத்தாழ ஒரு மைல். பயிற்சியில்லாத குதிரை வீட்டிலேயே நிற்கட்டும் என்று ஒதுக்கப்படவில்லை. அதற்கு இயன்ற தொலைவு அதற்கென அளந்து கொடுக்கப்பட்டது.

மத்ரஸா ஆசிரியனுக்கு இதில் பெரும் பாடம் இருக்கிறது. நாமோ விரைந்து ஓதும் பிள்ளைக்கும் திக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு சபக் கொடுத்துவிட்டு, பின்னவனைக் கடிந்துகொண்டிருந்தோம்.

ஆயத்தம்

16 வாரங்கள் ஒதுக்கினோம். ஃபஜ்ருக்குப் பின் வாரத்தில் மூன்று நாள் நீச்சல், இரண்டு நாள் மிதிவண்டி, இரண்டு நாள் நடையும் ஓட்டமும். தொடங்குமுன் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்டோம். நாற்பதைக் கடந்தவர்கள் இதைத் தவிர்க்கலாகாது.

புதிய மிதிவண்டி வாங்கவில்லை. கடைத்தெருவுக்குச் சென்றுவரும் பழைய வண்டிக்கே பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் இட்டோம். இருக்கையைச் சற்று உயர்த்தியதும் முழங்கால் வலி நின்றது. மிதி கீழே இறங்கும்போது கால் ஏறக்குறைய நேராக, முழங்கால் இலேசாக மடிந்த நிலையில் இருக்க வேண்டுமாம். இருபது ஆண்டுகளாகத் தாழ்ந்த இருக்கையிலேயே அமர்ந்து மிதித்திருக்கிறோம்!

உடை குறித்துப் பலரும் கேட்டனர். ஆணின் ஔரத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை. முழங்காலுக்குக் கீழ்வரை இறங்கும் நைலான் கால்சட்டையும், அரைக்கைச் சட்டையும் மூன்று பகுதிகளுக்கும் போதுமாக இருந்தன.

மிதிவண்டியை விட்டு இறங்கியவுடன் ஓடிப் பழகுவது மிகத் தேவையான பயிற்சி. மிதித்து மிதித்துச் சுழற்சிக்குப் பழகிய தசைகள் உடனே ஓட்டத்திற்கு மாறுவதில்லை. முதல் நாள் இறங்கி நான்கடி வைத்ததும், கால்கள் பிறருடையவை போலத் தோன்றின.

அந்த வெள்ளிக்கிழமை

அணையின் நீர்த்தேக்கத்தில் நாம் இறங்கவில்லை. 1958இல் நிறைவுற்ற அவ்வணை 118 அடி வரை நீர் தேக்குவது; நீந்தி விளையாடும் இடமன்று. கல்லிடைக்குறிச்சிக்கு அண்மையில் தாமிரபரணி அகன்று மெதுவாக நகரும் ஒரு பகுதியை அண்ணாச்சி தேர்ந்து கொடுத்தார். ஒரு மருத மரத்திலிருந்து ஒரு பாறை வரை கயிறால் அளந்தோம், 75 மீட்டர். பத்து முறை கடந்தால் 750. அண்ணாச்சி லாரி டியூப்பில் அமர்ந்து உடன் வந்தார்.

காலை 7.05க்கு பிஸ்மில்லாஹ் கூறி இறங்கினோம். கிணற்றில் சுவர் தெரியும். ஆற்றில் ஒன்றும் தெரியாது. பச்சை இருளில் முகம் புதைத்து நீந்தும்போது, நேராகச் செல்வதாக எண்ணிக்கொண்டே வளைந்துவிடுகிறோம். சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையுயர்த்தி மருத மரத்தைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் சுற்றில் நீர்ப்பாசி ஒன்று காலில் சுற்றியது. அவ்வளவுதான். மூன்றாண்டுக்கு முந்திய மாலை முழுவதும் திரும்பி வந்துவிட்டது. மூச்சு தாறுமாறாகியது; கற்றதனைத்தும் மறந்தது. கரை இருபது அடி தொலைவில்தான் இருந்தது. ஏறிவிடலாம் என்றே முடிவு செய்தோம்.

"மல்லாக்கப் படுங்க ஆலிம்சா. ஆறு எங்கயும் போயிராது" என்றார் அண்ணாச்சி.

மல்லாந்தோம். வானம் தெரிந்தது. நீரை அடித்து உதைத்தபோது அமிழ்த்திய அதே நீர், உடலைத் தளர்த்தியதும் தாங்கிக்கொண்டது. தவக்குல் குறித்து எத்தனையோ பயான்கள் செய்திருக்கிறோம். அன்று முதுகுக்குக் கீழே அதை உணர்ந்தோம். இரண்டு நிமிடம் திக்ரு செய்தபடியே மிதந்துவிட்டு, மீண்டும் திரும்பினோம். ஐந்து கை, ஒரு மூச்சு, பார்வை. ஐந்து கை, ஒரு மூச்சு, பார்வை. நீரோட்டத்திற்கு எதிரான சுற்றுகள் நீண்டன, உடன்பட்டவை சுருங்கின. 31 நிமிடங்களில் பத்தும் முடிந்தன. படித்துறையில் ஏறியபோது முழங்கால்கள் நடுங்கின. நாம் அழுதோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

உடல் துடைத்து, காலணி அணிந்து, பேரீச்சம்பழம் இரண்டு உண்டு வண்டி ஏற ஒன்பது நிமிடங்கள் ஆயின. அம்பாசமுத்திரம் கடந்து விக்கிரமசிங்கபுரம் சாலையில் சற்றுத் தொலைவு சென்று திரும்பி, மீண்டும் கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு. அணையின் அடிவாரத்தில் 20 கி.மீ. நிறைவுறுமாறு முன்பே அளந்திருந்தோம். இருமருங்கிலும் பிசான நெல் முற்றிச் சாய்ந்திருந்தது. எதிரே மாஞ்சோலை மலை. பாதிவழியில் செயின் கழன்று, கையெல்லாம் கரியாகியது. ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "தள்ளி விடவா?" என்று கேட்டான். நன்றி கூறி மறுத்தோம். 68 நிமிடங்கள்.

கடைசி 5 கி.மீ. அணையின் கரை ஏறத்தாழ 3 கி.மீ. நீளமுடையது, கீழிருந்து பார்த்துக்கொண்டே ஓடுபவனுக்கு அது முடிவதேயில்லை. ஒரு மின்கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை என்று வைத்துக்கொண்டோம். அந்நிலையில்தான் தொடக்கத்தில் கூறிய பெரியவர் எதிர்ப்பட்டார். வெகுநேரம் முன்னரே முடித்துவிட்ட மருமகன் திரும்பி வந்து, கடைசி ஒரு கிலோமீட்டர் நம் வேகத்திற்கே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசாமல் உடன் ஓடினான். அது நமக்குப் பெரும் உதவியாக இருந்தது.

9.41க்கு நின்றோம். மொத்தம் 2 மணி 36 நிமிடங்கள். மூவரில் நாமே கடைசி. கைதட்ட அண்ணாச்சியும் ஒரு தேநீர்க் கடைக்காரரும் இருந்தனர். இல்லம் சென்று குளித்து, ஜும்ஆவுக்கு முதல் ஸஃப்பில் அமர அல்லாஹ் உதவினான்.

இப்போது

இந்த 750 மீட்டரால் நாம் வீரனாகிவிடவில்லை. ஆற்றில் அமிழும் பிள்ளையைக் காப்பாற்றும் பயிற்சி தனி. அதை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம். நீந்தத் தெரிந்தவரும் தனியே நீரில் இறங்கக் கூடாது, அமிழ்பவரிடம் கயிறோ கழியோ டியூப்போ நீட்டுவதே முதல் வழி என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவருகிறோம்.

பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன், வெள்ளிக்கிழமை காலைகளில் 11 பிள்ளைகள் அண்ணாச்சியின் கிணற்றில் கற்கின்றனர். அன்று அமிழ்ந்த பிள்ளையும் அவர்களில் ஒருவன். முதல் மூன்று வாரம் அவன் படியை விட்டு இறங்கவில்லை. யாரும் அவனைத் தள்ளவில்லை. நாம் அவனருகே படியில் அமர்ந்து, நீருக்குள் முகம் வைத்து ஊதிக் காட்டினோம். நான்காம் வாரம் அவனும் ஊதினான்.

மத்ரஸாவில் சபக் அளவு பிள்ளைக்குப் பிள்ளை வேறாகிவிட்டது. 'அய்ன்' வராத மாணவனுக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. ஆனால் நம்மைக் கண்டு அவன் இப்போது கண் கலங்குவதில்லை.

ஒரு தாய் கேட்ட கேள்விக்கு மட்டும் நம்மிடம் இன்னும் நிறைவான பதில் இல்லை. "ஹஜ்ரத், எம் பொண்ணும் அதே ஆத்தங்கரையிலதானே வளருது?" உண்மைதான். ஆறு ஆண், பெண் பார்ப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கு மறைவான இடமும், பெண் பயிற்சியாளரும் தேவை. இரண்டையும் தேடிக்கொண்டிருக்கிறோம். இதைப் படிக்கும் சகோதரிகளில் நீச்சல் கற்பிக்கத் தெரிந்தவர்கள் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இருப்பின், தங்கள் ஊர் ஜமாஅத்தாரிடம் முன்வந்து கூறுங்கள். அது ஸதகத்துல் ஜாரியாவாக அமையும், இன்ஷா அல்லாஹ்.

உடலும் குழந்தைகளும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவற்றைப் பேணும் ஆற்றலையும், திக்குபவரிடம் பொறுமை காட்டும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.